துக்கமணியைத் தட்டிய ஐஸ் அறை

கீரி,
மன்னார்.
புதன்கிழமை.

அன்பும் கோபமும் ஒருங்கே நிறைந்த மாமா அருளப்பு அவர்களுக்கு,

மருமகன் வின்சன்ட் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், பெற்றிசியாவின் கோழிகளும் சுகம். நீங்கள் இலுப்பைக்கடவையில் எடித் மச்சாள் வீட்டில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். மன்றாடுகிறேன் என்றவுடன் உங்கள் சுகத்தில் எனக்குச் சந்தேகம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பிழை ஒரு தடவை விட்டதே என் ஆயுளுக்குப் போதும்.

மாமா, அன்றைக்கு நடந்ததற்கு நான் காரணமில்லை. அந்த மின்பலகைதான் காரணம். உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன், கோபத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கேளுங்கோ. நம்முடைய மீனவர் சங்கம் கோயிலுக்குப் பக்கத்தில் ஐஸ் அறை கட்டினது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போன நம்முடைய ஊர்ப் பிள்ளைகள் கோயில் மணிக்குக் கரண்டில் அடிக்கிற சுத்தியலும் அனுப்பினார்கள். இரண்டுக்கும் இரண்டு பெட்டி எதற்கு, எல்லாவற்றையும் ஒரே கணினிப் பெட்டிக்குள் அடக்கித் தருகிறேன் என்று சங்கத் தலைவர் எட்வேட் அண்ணைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். அந்தப் பெட்டிக்குள் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது. கந்தோரில் தனியே இருந்து எல்லா வேலையும் பார்க்கிற கிளாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கோ. ஐஸ் அறையில் சூடு ஏறினால் அது கிளாக்கரைக் கூப்பிடும். அதன் இலக்கத்தை இடையில் இருக்கிற பலகை சொல்லும்; ஊரில் ஆள் செத்தால் அமத்துகிற துக்கமணிப் பொத்தானுக்கும் ஒரு இலக்கம் உண்டு. கிளாக்கர் கைவேலையைப் போட்டுவிட்டு, அந்த இலக்கத்துக்கு உரிய வேலையைச் செய்துவிட்டு வருவார். இந்தக் கூப்பாட்டுக்கு இன்ரறப்ட் என்று பெயர். கிளாக்கரை எழுதினவன் நான், அவரில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த பலகை இருக்கிறதே, அது சூடானால் இலக்கத்தை மாற்றிச் சொல்லும் என்று யார் கண்டது? ஐஸ் அறை கூப்பிட, பலகை துக்கமணியின் இலக்கத்தைச் சொல்லியிருக்கிறது. கிளாக்கர் என்ன செய்வார், பாவம், துக்கமணியை அடித்திருக்கிறார். அதோடு விட்டதா? கூப்பிட்ட ஐஸ் அறையை ஒருவரும் கவனிக்காதபடியால் அது திரும்பத் திரும்பக் கூப்பிட, இவர் திரும்பத் திரும்ப மணியை அடிக்க, நிற்காமல் போயிருக்கிறது.

முதல்நாள்தான் பாதர் வந்து, எங்கள் வீட்டில் வருத்தமாய்க் கிடந்த உங்களுக்குக் கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசிவிட்டுப் போனவர். ஊருக்கு வேறென்ன வேணும்? மணி கேட்டதும் கடலுக்கு வெளிக்கிட்ட வள்ளங்கள் கரைக்குத் திரும்பின. மணி அடித்தபிறகு ஆள் இருக்கிறாரா இல்லையா என்று உள்ளே போய்ப் பார்க்கிற பழக்கம் நம்முடைய ஊரில் இல்லை, அடித்தால் அடித்ததுதான். பெற்றிசியா உங்கள் மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் கம்பி ஒட்டுகிற ஈயம் வாங்க ரவுனுக்குப் போய்ச் சைக்கிளில் திரும்பி வாறேன். ஒழுங்கை முகப்பில் பக்கத்து வீட்டு மாக்கிறட் அக்கா தலைவிரி கோலமாக நிற்கிறா.

"தம்பி, மாமா போட்டாரடா!"

"ஐயோ அக்கா, ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும், மணி அடிக்கிறது உனக்குக் கேக்கேல்லையோ?"

மாமா, ஊரிலேயே அந்த மணியைச் சந்தேகப்படக்கூடிய ஒரே மனிதன் நான். கிளாக்கரை எழுதினவன் நான், கம்பி இழுத்தவன் நான், பலகையைப் பூட்டினவன் நான். இருந்தும் சைக்கிளை வேலியில் எறிந்துவிட்டு ஓடினேன். முற்றத்தில் சனம். எட்வேட் அண்ணை வாடகைக் கதிரை இறக்குவித்துக்கொண்டு நிற்கிறார். பெண்கள் ஒப்பாரியில் பாதி தூரம் போய்விட்டார்கள்.  உங்கள் அறை வாசற்படியில் குந்தினேன். உள்ளே நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுகை வந்தது, அழுகையோடு வாயும் திறந்துவிட்டது. உங்களுக்கு முன்னால் ஒரு நாளும் திறக்காத வாய்.

"மாமா, எங்கட கலியாணத்துக்கு மூண்டாம் ஓலை வாசிச்சு, தடை உண்டோ எண்டு பாதர் கேக்கேக்க எழும்பி நிண்டு, கடலுக்கும் போகான் கந்தோருக்கும் போகான், பெட்டி தட்டுறவனுக்கு என்ர பிள்ளையைத் தரமாட்டன் எண்டு கோயில் முழுக்கக் கேக்கச் சொன்னீங்கள். கலியாணத்துக்கு வரேல்ல. பெற்றிசியா அழுதழுது எழுதின கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினீங்கள். வருத்தம் வந்தாப் பிறகுதான் எங்கட வாசலை மிதிச்சீங்கள். எல்லாத்தையும் மன்னிச்சிட்டன் மாமா, நிம்மதியாப் போங்கோ!"

ஊர் முழுக்க விம்மியது. அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஆரடா அங்க? ஒரு மிடறு தண்ணி தாங்கோவன்."

மாக்கிறட் அக்கா மயங்கி விழுந்தா. நான் விழாமல் நின்றதுதான் பிழை. நீங்கள் கட்டிலில் எழும்பி இருந்து, என்னைப் பார்த்து, "நான் செத்தாத்தான் நீ என்னோட கதைப்பியோ?" என்று கேட்டீர்கள்.  பின்னேரமே வான் பிடித்து எடித் மச்சாள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்களைப் பார்த்துக்கொள்ளவென்று பெற்றிசியாவும் உங்களோடு வந்துவிட்டாள். ஏறும்போது, "என்ர சவப்பெட்டியில இவன் கை வைக்கக்கூடாது" என்று எட்வேட் அண்ணைக்குச் சொல்லிவிட்டுப் போனீர்களாம். அது எனக்கு உறைத்த மாதிரி இதுவரை எதுவும் உறைக்கவில்லை.

நீங்கள் போனபிறகு அந்தக் கணினிப் பெட்டியோடு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஆத்திரத்தில் முதலில், இந்த இலக்கத்தில் யார் கூப்பிட்டாலும் கேட்காதே என்று கிளாக்கரின் காதைப் பொத்திவிட்டேன். அந்தக் கிழமை பார்த்து அருள்நாயகி அன்ரி மெய்யாகவே காலமானா. பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தார்கள், மணி அடிக்கவில்லை. வள்ளமெல்லாம் கடலுக்குப் போய்விட, பெட்டி தூக்க ஆளில்லாமல் அவவின் மக்கள் என்னை ஏசின ஏச்சு இன்னும் காதுக்குள் நிற்கிறது. பிறகுதான் புத்தி வந்தது. இலக்கத்தை மட்டும் நம்பாதே, மணியை அடிக்கமுதல் பொத்தானிடம் போய், கூப்பிட்டது நீதானா என்று ஒரு தடவை கேள், அது இல்லையென்று சொன்னால் ஐஸ் அறையிடமும் கேட்டுப் பார் என்று எழுதினேன். நாலே வரி, மாமா. இப்போது பலகை எந்தப் பொய் சொன்னாலும் கிளாக்கர் ஏமாறுவதில்லை. ஆனால் சனத்துக்கு நம்பிக்கை போய்விட்டது. மணி அடித்தால் எனக்குப் போன் எடுத்து, "தம்பி, இது ஆள் மணியோ ஐஸ் மணியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் திருப்புகிறார்கள்.

அந்த ஒரு கேள்வியைக் கிளாக்கருக்குச் சொல்லிக்கொடுத்தவன், வாசற்படியில் குந்தமுதல் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கலாம். அதை நினைத்தால் சாப்பாடு இறங்குதில்லை.

ஆகையால் மாமா, அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் பலகை சொன்ன இலக்கம் மாதிரி. அதில் ஒரு சொல்லும் மெய்யில்லை. நீங்கள் எனக்கு ஒரு குறையும் செய்யவில்லை. ஓலை வாசிக்கும்போது எழும்பினது ஒரு தகப்பனின் உரிமை. கடிதத்தைத் திருப்பினது தபால்காரனின் பிழையாகவும் இருக்கலாம். உங்களை மன்னிக்க நான் யார்? அந்த மன்னிப்பை முழுமனதோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெற்றிசியாவை அனுப்பிவையுங்கோ. நூறு வயதுக்குப் பிறகு உங்கள் பெட்டியின் ஒரு மூலையை எனக்கும் தாருங்கோ, கால்மாட்டுப் பக்கம் என்றாலும் போதும்.

மடு மாதாவின் காவல் உங்கள் கட்டிலைச் சுற்றி இருக்கட்டும். எடித் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

கீழ்ப்படிவுள்ள மருமகன்,
வின்சன்ட்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பெற்றிசியா போன் எடுத்தாள். உங்களுக்குச் சாப்பாடு செல்லவில்லையாம், வாசல் படலையைப் பார்த்தபடியே இருக்கிறீர்களாம். "நீங்கள் அண்டைக்குச் சொன்னதைத்தான் அப்பா சொல்லிச் சொல்லிக் காட்டுறார்" என்றாள். "'அவன் சொன்னதில பொய்யில்லை பிள்ளை. மன்னிச்சிட்டன் எண்டானே, செத்தவனுக்குச் சொன்னதை உயிரோட இருக்கிற என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுவானோ? கேட்டுப் பார்' எண்டு கேக்கச் சொன்னவர்."

மாமா, மேலே எழுதினதெல்லாம் பொய். பலகையில் பிழை இருந்தது, என் சொல்லில் இருக்கவில்லை. நீங்கள் எழும்பி நின்றது எனக்கு நொந்தது. பிரிக்காத கடிதத்தோடு பெற்றிசியா குசினிக்குள் அழுதது அதைவிட நொந்தது. நாளை முதல் பஸ்ஸில் வாறேன். உங்களுக்கு முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது, அது உங்களுக்கே தெரியும், அதனால் இந்தத் தாளைக் கையில் தருவேன். இந்தக் கடைசி வரியை மட்டும் வாசியுங்கோ.

மன்னிச்சிட்டன், மாமா. நீங்கள் எங்கேயும் போகவேண்டாம்.