தடித்த கயிறு வளைந்த வரலாறு

உலகின் தலைசிறந்த மாலுமிகள் திருப்பூர்க்காரர்களே என்பதை இனியும் மறைப்பது நியாயமல்ல. தூத்துக்குடிக்காரர்கள் கடல் இருக்கும் தைரியத்தில் கப்பல் விடுகிறார்கள். அதில் என்ன பெருமை? நாங்கள் கடலே இல்லாமல் விட்டோம். அந்த மகத்தான பயணத்தின் மொத்த தூரம் அறுபதடி. நான் கண்ணால் கண்ட சாட்சி.

மண்ணரை பேக்கரியில் இதைச் சொன்னபோது எல்லாரும் வாய்பிளந்தார்கள், அப்புசாமியைத் தவிர. முப்பது வருடம் பனியன் செக்கிங் பார்த்து ஓய்வுபெற்றவர். ஓட்டையில்லாத துணியைக் கண்டால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

"ஏனுங்க, நெருப்பெரிச்சல் ஊர்க் குளத்துல ஏதுங்க கப்பலு? புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா?"

நடந்தது இதுதான். ஓய்வுபெறும் முன் நான் டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி முருகவேல், தொழிலாளர் 'ஒருங்கிணைப்பு'க்காகப் பெங்களூரிலிருந்து அருள்செல்வன் என்ற ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் பாய்மரப் படகோடு வந்தார். லாரியில். குளக்கரையில் பந்தல், பேனர், சமோசா. கைதட்டும் பொறுப்பு எனக்கு.

படகில் கட்டியிருந்த கயிறு மணிக்கட்டுத் தடிமன். கரையில் முளைக்குச்சியில் கட்டியிருந்தது துணி காயப்போடும் கொடிக்கயிறு.

"தடித்தது நிர்வாகம். மெல்லியது தொழிலாளர். இரண்டையும் இணைக்கிற முடிச்சுதான் லீடர்ஷிப்," என்றார் அருள்செல்வன். "இந்த முடிச்சு டெஸ்ட்ல தோத்தவங்க டீமுக்குப் பொருந்தாதவங்க. சனிக்கிழமையோட வேலை கிடையாது."

முதலில் அழைக்கப்பட்டவர் முத்துப்பேச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடமாக நிட்டிங் மெஷின் ஓட்டுபவர். ஷிப்டுக்கு நூறு தடவை நூல் அறும். நூறு தடவையும் முடிச்சுப் போடுவார். போன வாரம்தான் கழிப்பறையில் இன்னொரு குழாய் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் பெயர் முதலில் வந்தது முழுக்க முழுக்கத் 'தற்செயல்'.

அவர் தடித்த கயிற்றின் நுனியை மடக்கினார். சன்னக் கயிற்றை அந்த மடிப்புக்குள் விட்டு, பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் அடியிலேயே செருகினார். நான்கு பேர் இழுத்தும் முடிச்சு அசையவில்லை.

"ஃபெயில்," என்றார் அருள்செல்வன்.

"நழுவலையே சார்?"

"நிர்வாகத்தை ஏம்மா மடக்கினே? வளைய வேண்டியது மெல்லிய கயிறு."

"சன்னத்த மடக்குனா நழுவிரும் சார். தடிச்சதுதான் வளையணும். நூலு அத்தாலும் அப்படித்தான போடுதோம்."

"எங்க வம்சத்துலயே யாரும் வளைஞ்சதில்லீங்க," என்று முதலாளி எழுந்தார். முடிச்சைப் பிரித்து, கொள்கைப்படி சன்னக் கயிற்றை வளைத்து, அதன்மேல் நிர்வாகத்தைச் சுற்றி அவரே கட்டினார். போட்டோ எடுத்தார்கள். நான் கைதட்டினேன். தலைமை என்றால் தனிமை என்று ஆலோசகரின் ஸ்லைடில் போட்டிருந்ததால் முதலாளி தனியாகவே படகில் ஏறினார். பாய் விரிந்தது. காற்று வந்தது. முடிச்சு, ராஜினாமாக் கடிதம்கூடக் கொடுக்காமல், விலகிக்கொண்டது.

படகு நடுக்குளத்தில் ஆகாயத்தாமரையில் சிக்கிச் சாய்ந்தது. விளிம்புவரை தண்ணீர் ஏறியது.

"இடுப்பளவு தண்ணிதானுங்க! எறங்கி நடந்து வாங்க!" என்று கத்தினேன்.

"எறங்க மாட்டேனுங்க!" என்று அலறினார். "இந்தத் தண்ணீல கால் வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க!"

உண்மைதான். அவருடைய சாயப்பட்டறையிலிருந்து அந்தக் குளத்துக்கு என்னென்ன வருகிறது என்பதை அவரைவிடத் துல்லியமாக அறிந்தவர் யார்?

ஆலோசகர் லேப்டாப்பைத் திறந்தார். இந்த நிலைமைக்கு ஸ்லைடு இல்லை. முத்துப்பேச்சிதான் சன்னக் கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி வீசினார். படகுக்குள் விழுந்தது.

"மொதலாளி, ஒங்க கயித்த மடக்குங்க!"

"வேற வழி இல்லீங்களா?"

"இல்ல! மடக்குங்க!"

அறுபது பேர் முன்னிலையில், தம் கையாலேயே, முதலாளி நிர்வாகத்தை வளைத்தார். முத்துப்பேச்சி சொல்லச் சொல்லச் சன்னத்தைச் சுற்றினார், செருகினார். இழுத்தோம். முடிச்சு நின்றது. ஷூகூட நனையாமல் கரையேறினார்.

அப்புசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கப்பலு பொய்யுங்க. பெங்களூர்க்காரன் பொய்யுங்க. மொதலாளி வளைச்சாருங்கறது இருக்கற பொய்யிலயே பெரிய பொய்யுங்க. செரி, அந்தப் புள்ளைக்கு என்ன பண்ணுனாங்க? அதையாவது சொல்லுங்க."

நிர்வாகத்தின் நன்றியுணர்வை என்னவென்று புகழ்வேன்! சனிக்கிழமை வரை காத்திருக்க அதற்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமையே கடிதம் வந்துவிட்டது: 'பலர் முன்னிலையில் நிர்வாகத்தை வளையச் செய்த ஒழுங்கீனத்துக்காகத் தாங்கள் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள்.' கீழே முதலாளியின் கையெழுத்து. படகில் நிர்வாகத்தை வளைத்த அதே கைதான்.

அப்புசாமி டீ கிளாஸை மறுபடி கையில் எடுத்தார்.

"அட, இதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்றார். "அப்பக் கப்பலும் நெசந்தானுங்க."