பின்பக்கமாக ஏறிய மாப்பிள்ளை கார்

சர்ச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தன் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்த மாப்பிள்ளை எங்கள் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம், ஒரே வரியில் நான் சொன்ன பொய்.

கார் தேவதாஸ் மாமாவுடையது. அம்மாவின் தம்பி, மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நூறு வயது தாண்டிய அந்தக் காரில்தான் தினமும் கடைக்குப் போவார், பஸ்களுக்கு நடுவே ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு. மர ஆரக்கால் சக்கரம், பித்தளை விளக்கு, முன்னால் கைப்பிடியைச் சுற்றினால்தான் உயிர் வரும். "காட்சிக்கு வெக்கதுக்கா வாங்கினேன்? ஓட்டதுக்கு" என்பார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதன்மேல் பித்து. கல்யாணத்துக்கு அதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மணப்பெண் சுஜாவுக்குப் பிடிக்கவில்லை. "வழியில நின்னுட்டுன்னா நான் காத்துட்டு நிக்க மாட்டேன், கேட்டியளா. அப்பாகூட வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். (கணக்கு டீச்சர். சொன்னால் செய்கிறவள்.)

அந்தக் காரில் பெட்ரோல் முள் கிடையாது. டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோடு வெட்டிய ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். முந்தின நாள் போட்டோவுக்காக மாமாவைக் கெஞ்சிக் கடற்கரை வரை ஓட்ட வைத்திருந்தேன். அலங்கரிக்கக் காரை எங்கள் வீட்டில் விட்டுப் போனார்; பெட்ரோல் நிரப்புவது என் பொறுப்பு. கல்யாணத்தன்று வந்ததும் கேட்டார்: "நெறச்சிட்டு, குச்சி விட்டுப் பாத்தியா மக்கா?"

சீட் முழுக்க மல்லிகைச் சரம் தைத்திருந்தார்கள். நான் கோட் போட்டிருந்தேன். நிரப்பவே மறந்திருந்தேன்.

"பாத்தேன் மாமா. ஃபுல்லு."

சர்ச் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. பாதி ஏற்றத்தில் என்ஜின் இருமி, நின்றது. மாமா என்னைச் சீட்டிலிருந்து எழுப்பி, பூவைப் பிய்த்து, குச்சியை விட்டு எடுத்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது. காரின் மூக்கு மேலே தூக்கியதும் என்ஜின் டேங்கைவிட உயரத்துக்குப் போய்விட்டது. அடியில் கிடந்த கொஞ்சம் பெட்ரோல் மேலே ஏறவில்லை.

"இனி ரிவர்ஸ்லதான் ஏறணும். அப்பம்தான் டேங்க் மேல வரும்" என்றார். திட்டவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கீழே உருட்டிப் போய், திருப்பி, பின்பக்கமாக ஏறத் தொடங்கினோம். அப்போது சுஜாவின் கார் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் ரப்பர் தோட்டத்து மதில், மறுபக்கம் ஓடை. முந்த வழியில்லை. ஏற்றம் முழுக்க அவள் கார் முன்னோக்கியும் என் கார் பின்னோக்கியும், மூக்கோடு மூக்காக ஊர்ந்தன. மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக் கூடாத நேரத்தில் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். (வேறு எங்கே பார்ப்பது?)

அவள் அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாப்பிள, எங்க போறிய?"

"சர்ச்சுக்குத்தான் மாமா."

"சர்ச் அந்தப் பக்கம்லா இருக்கு?"

"அங்கதான் போய்ட்டிருக்கேன்."

சுஜா முகத்திரையை ஒதுக்கி வாட்சைப் பார்த்தாள். நல்லவேளை, அவள் கார் திரும்பவும் இடமில்லை.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பழசுன்னா பழசுதான்" என்றார் ஒருவர். மாமா கைக்குட்டையால் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வரவேற்பில் நன்றி சொல்ல மைக் கொடுத்தார்கள். "கார் நின்னதுக்குக் கார் காரணமில்ல. நான் குச்சி விடாமலே விட்டேன்னு மாமாகிட்ட பொய் சொன்னேன்" என்றேன். பக்கத்தில் நின்ற சுஜா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "மோதிரம் போட்ட பெறவுதான் சொல்லுதியளா?"

அன்றிலிருந்து காஸ் சிலிண்டரோ, கதவுப் பூட்டோ, நான் எதைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: "குச்சி விட்டுப் பாத்தியளா?"

போன மாதம் நாங்கள் மின்சாரக் கார் வாங்கினோம். மாமா தன் பழைய காரில் பார்க்க வந்தார். எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் சீட்டைத் தூக்கி அந்தக் குச்சியை எடுத்து சுஜாவிடம் கொடுத்தார்.

"எனக்கு வேற கம்பு சீவி செத்திக்கிடுவேன். இவன் வண்டி ஓட்டுக வரைக்கும் இது ஒனக்கு வேணும் மக்களே."

டேங்க்கே இல்லாத எங்கள் காரில் இப்போது அந்தக் குச்சி இருக்கிறது.