என் பூட்டனின் நாற்பத்துமூன்று பிள்ளைகள்

தெரியாத வேலையைத்தான் நான் மிகுந்த நம்பிக்கையோடு செய்வேன். இதை என் கல்யாண விஷயத்திலேயே நிரூபித்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் கிளார்க்காக இருந்தேன். கொழும்பில் குடியேறிவிட்ட பெரியப்பா கடிதம் போட்டார்: "இங்கன திரும்புன பக்கமெல்லாம் மச்சாதுதான். யாரு யாரு பிள்ளைன்னு நம்மூர்க் கோயில் புத்தகத்தைப் பார்த்து எழுதி அனுப்புலே."

மச்சாது எங்கள் குடும்பப் பெயர். முன்னோர் ஞானஸ்நானம் வாங்கியபோது போர்த்துக்கீசியர் கொடுத்துவிட்டுப் போனது. தெருவுக்கு நாலு மச்சாது வீடு உண்டு. ரத்த உறவு இல்லையென்றால் பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. எனக்கே ரோசலி மச்சாதுவைப் பேசி முடித்திருந்தார்கள். (டீச்சர். என்னைவிடக் கெட்டிக்காரி என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை ஒரு வாரம் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா பெயர்! எண்ணிப் பார்த்தால் நாற்பத்துமூன்று பிள்ளைகள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பதினோரு நாள்தான் இடைவெளி. எனக்குச் சந்தேகம் வந்ததா? இல்லை. (அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி என்று பெருமைப்பட்டேன்.) சரக்குப் பட்டியல் தாள்களை ஒட்டி, பின்பக்கத்தில் வம்சாவளி வரைந்து, நிச்சயத்தன்று வருங்கால மாமனார் முன்னால் விரித்தேன்.

மாமனாரின் தாத்தா கொழும்புக்குப் போய்த் திரும்பாதவர். பெயர்கூட வீட்டில் யாருக்கும் நினைவில்லை. கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இதுப்படி எங்கப்பாவும் உம்ம தாத்தாவும் அண்ணன் தம்பியில்லா?"

"ஆமா மாமா!" என்றேன், பூரிப்போடு.

"அப்ப நான் உமக்கு மாமா இல்ல வே. சித்தப்பா." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏளா ரோசலி, அந்தக் காப்பியை ஒங்க அண்ணனுக்குக் குடு."

கல்யாணம் நின்றது. கோயில் புத்தகமே சொல்லும்போது யார் மறுப்பது? எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ரோசலி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, என்னைக் கோயிலுக்கு வரச் சொல்லி, பதிவேட்டைத் திறந்தாள்.

"இது ஞானத்தகப்பன் பேரு. தகப்பன் பேரு இந்தா, ஓரத்துல."

என் பூட்டன் பெரிய தோணிக்காரர். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்க அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மரியாதைக்கு அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, பெற்றவன் பெயரைப் பொடி எழுத்தில் ஒதுக்கிவிட்டார்கள்.

"பிள்ளையத் தூக்கிப் பிடிச்சவரையெல்லாம் பெத்தவராக்கிட்டீங்களே" என்றாள்.

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது. கோபம் வந்தால் மட்டும் அவளுக்குப் பழைய முறை ஞாபகம் வந்துவிடும். நேற்று சீலா மீன் வாங்கிவரச் சொன்னாள். நான் நண்டோடு போய் நின்றேன். பையை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்கண்ணே."