செருப்பைக் கழற்றாத சிவக்கொழுந்து

பிணமாக நடிக்கக்கூட லாயக்கில்லை என்று ஷூட்டிங்கிலிருந்து விரட்டப்பட்ட ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் 'துப்பு' அண்ணன்தான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்மேல் இல்லை, விரட்டியவர்கள்மேல்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவுபவர் அவர். 'துப்பறியும் சிவக்கொழுந்து' நாவல்கள் அத்தனையும் மனப்பாடம். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். சிவக்கொழுந்தாக வேஷம் கட்டிய ஒரு சினிமா நடிகரையும் அண்ணன் மன்னித்ததில்லை.

"புக்குல மனுசன் டவுன் பஸ்ஸுலதாங்க போவாரு. இவன் ஹெலிகாப்டர்ல இருந்து குதிக்கிறான்!" என்று ஏலக் குரலிலேயே கத்துவார். சிவக்கொழுந்துக்கு டூயட் வந்தபோது தருமபுரி தியேட்டரில் எழுந்து நின்றுவிட்டார். "அவருக்குக் கல்யாணமாயி ரெண்டு பொண்ணுங்கய்யா! அடுக்குமா இது?"

போன வருடம் தொப்பூரில் சிவக்கொழுந்து வெப்சீரிஸ் ஷூட்டிங். ரோட்டோரப் பிணமாகப் படுக்க உள்ளூர் ஆள் தேடினார்கள். அண்ணனுக்கு அடித்தது யோகம்! "சிவக்கொழுந்து என் கையப் புடிச்சு நாடி பாப்பாருங்க!" என்று மண்டி முழுக்கச் சொல்லிப் பூரித்தார். அவர் மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். "எங்க வூட்டுக்காரரு நடிக்கிறாருங்க!"

கேமரா ஓடியது. சிவக்கொழுந்து பளபள ஷூவோடு வந்து குனிந்தார். பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"ஏங்க, பொணத்துக்கிட்ட வர்றப்ப சிவக்கொழுந்து செருப்பக் கழட்டிட்டுத்தான் வருவாரு! எல்லா புக்குலயும் அப்படித்தான். செத்தவனுக்கு அந்த மரியாதகூட வேணாமா?"

"பெரியவரே, செத்த மாதிரி படுங்க" என்றார் டைரக்டர்.

"முதல்ல ஷூவக் கழட்டச் சொல்லுங்க, சாவுறேன்."

மறுபடியும் படுக்க வைத்தார்கள். ஷூ வந்தது, அண்ணன் எழுந்தார். அவ்வளவுதான், போகச் சொல்லிவிட்டார்கள். அவர் இடத்தில் ஒரு டீ மாஸ்டர் படுத்தார். என்ன அநியாயம்! கதையைப் படித்த ஒரே ஆளைத் துரத்திவிட்டுக் கதையை எடுக்கிறார்களாம்.

"சும்மா படுத்துக் கிடக்கக்கூடத் துப்பில்ல, பேரு மட்டும் துப்பு!" என்று அவர் மனைவி குமுறினார். சொந்தபந்தத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற வேதனை அவருக்கு. அந்த வாரம் அண்ணனின் ஏலம் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கவில்லை.

சீரிஸ் வெளிவந்த அன்று அவர் வீட்டில்தான் பார்த்தோம். அந்தக் காட்சி வந்தது. ஷூ நேராகப் பிணத்தருகே போனது. டீ மாஸ்டர் அசையவில்லை. அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

கூடத்து மூலையிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"அடேய்! ஷூவக் கழட்டுடா!"

கரண்டியை ஓங்கியபடி அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் டிவியை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.