தாளில்லா அலுவலகமும் தண்ணீருக்குள் நாலு ஏக்கரும்

உலகத்தில் எத்தனையோ பேரரசுகள் எழுந்தன, விழுந்தன. நெருப்பைக் கண்டுபிடித்தார்கள், தபால் முத்திரையையும் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் மனித வரலாற்றில் ஓர் அரசாங்கக் கோப்புக்கு முதன்முதலாக 'இதயம்' கிடைத்தது புளியந்தீவில்தான். களப்பு நீர்மட்ட ஒருங்கிணைப்பு அலுவலகத்தில், ஒரு மார்கழித் திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு. அந்தப் பெருமையை மட்டக்களப்பிடமிருந்து எவரும் பறித்துவிட முடியாது.

இதயத்தைப் போட்டவர் பணிப்பாளர் வினோஜன். அது கிடைத்த கோப்பு, வயிற்றோட்டம் காரணமாக ஒருநாள் லீவு கேட்டு எழுதுவினைஞர் சுலோஜனா அனுப்பிய விண்ணப்பம்.

"எனக்கு வயித்தோட்டம் எண்டது அவருக்கு அவ்வளவு விருப்பமா அண்ணன்?" என்று மறுநாள் சுலோஜனா பக்கத்து மேசை ஹோரேஸிடம் கேட்டாள்.

"ஆறு பேர் கைதட்டியும் இருக்காங்க பிள்ளை. பார்க்கல்லயா?" என்றார் ஹோரேஸ்.

இந்தப் புரட்சியின் பெயர் 'கூட்டாளி'. கடிதம், அட்டவணை, கூட்ட அறிக்கை எல்லாம் இணையத்தில் ஒரே இடம். எழுதலாம், பகிரலாம், விரும்பலாம், கருத்துச் சொல்லலாம். மூன்று கிழமை பரீட்சார்த்தத்துக்கு நாட்டில் ஒன்பது அலுவலகங்களைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: தாள் பூச்சியம். அலுவலகத்திலிருந்த தாள் கட்டுகள் முழுவதும் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டப்பட்டன. சாவியைப் பணிப்பாளர், கூட்டாளிக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, படமெடுத்துப் பகிர்ந்தார்.

வினோஜன் கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் யாராவது அவரை எதிர்த்திருப்பார்கள். முப்பத்துநாலு வயது, சிரித்த முகம், எல்லாரையும் அண்ணன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஹோரேஸுக்கு அங்கே முப்பத்திரண்டு வருட சேவை. அவருடைய விடயம், முகத்துவாரம் வெட்டுவது. மாரி மழைக்குக் கடலோரக் காயலான களப்பு நிறையும். கடல்வாயில் மணல் அடைத்துக்கொண்டு நிற்கும். வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போகும், வயல்கள் தப்பும். அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீனும் சேர்ந்து போகும், மீன்பிடிக்காரர் ஏசுவார்கள். அதனால் ஐந்து அலுவலகங்கள் ஒப்ப வேண்டும். இதுவரை ஹோரேஸ் ஒரு பக்கக் கடிதம் அடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி, மத்தியானச் சோற்றுக்கு முன் ஐந்து கையெழுத்தோடு திரும்பிவிடுவார். இப்படிப்பட்ட காட்டுமிராண்டி முறையில்தான் ஒரு தலைமுறையே அரிசி தின்று வந்திருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வினாயகமூர்த்தி வந்தார். களப்புக்கு மேற்கே படுவான்கரையில் நாலு ஏக்கர் நெல் வெள்ளாமைக்காரர். றோட்டு தண்ணீருக்குள் கிடந்ததால் தோணியில் களப்பைக் கடந்து, முழங்கால்வரை சேற்றோடு ஹோரேஸின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"வட்டை முழுக்க, வயலெல்லாம் தண்ணி ஐயா. வெள்ளாம குடலையில நிக்கிது, கதிர் இன்னும் வெளிய வரல்ல. இன்னும் அஞ்சு நாள் தாங்கும், மறுகா அழுகிப் போகும். முகத்துவாரத்த வெட்டித் தாங்க."

"இப்பவே எழுதிறன் அண்ணன்."

"எழுதக் கூடாது," என்று பணிப்பாளரின் கண்ணாடி அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பகிரணும்."

பகிர்ந்தார்கள். பத்து நிமிடத்தில் ஐந்து அலுவலகங்களிலிருந்தும் பதினொரு பேர் ஹோரேஸின் கடிதத்துக்குள் இறங்கினார்கள். ஆளுக்கொரு நிறத்தில் சின்னக் கோடுகள், நண்டுக்குஞ்சுகள் மாதிரி அவருடைய வரிகளுக்குள் ஓடித்திரிந்தன. ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கினார். ஒருவர் பணிப்பாளரின் பெயருக்கு முன்னால் 'மேன்மைதங்கிய' சேர்த்தார். மேன்மை பொறுக்காத இன்னொருவர் அதை அழித்தார். யாரோ ஓரத்தில் நடனமாடும் இறால் பொம்மை ஒன்றை விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து ஒருவருக்குப் பிறந்தநாள். பத்துப் பேரும் கடிதத்துக்குள்ளேயே வாழ்த்தினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். பின்னேரம் நாலேகாலுக்குக் கடிதம் ஏழு பக்கமாக வளர்ந்திருந்தது. 'முகத்துவாரம்' என்ற சொல்லைத்தான் காணவில்லை.

"எல்லாரும் இதயம் போட்டிருக்காங்க சேர்," என்றார் ஹோரேஸ். "ஆனா ஒருத்தரும் 'அனுமதி'ய அமத்தல்ல."

"இதயத்த விடவா அனுமதி பெரிசு, ஹோரேஸ் அண்ணன்?"

புதன்கிழமை, கூட்டாளி ஆதாரம் கேட்டது. வினாயகமூர்த்தி தன்னுடைய போனில் எடுத்து வந்த படத்தைச் சுலோஜனா ஏற்றினாள். நாலு ஏக்கர் தண்ணீர், அதற்கு மேலே நுனி நுனியாய்ப் பச்சை, தூரத்தில் ஒற்றைக் கொக்கு. கூட்டாளிக்கு அழகுணர்ச்சி உண்டு. அது கடிதத்தைக் கழற்றிவிட்டு, படத்தை மட்டும் எடுத்து, வானத்தில் கொஞ்சம் செம்மஞ்சள் பூசி, 'எமது அலுவலகத்தின் இன்றைய தருணம்' என்று உலகத்துக்கே பகிர்ந்தது.

வியாழன் காலை மூவாயிரம் இதயங்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர், 'பனிக்குள்ள இருந்து பார்க்க அழுகை வருது' என்றார். பாசிக்குடாப் பக்கத்து விடுதி ஒன்று, 'இதே காட்சியோடு எங்களிடமும் அறைகள் உண்டு' என்று அறிவித்தது. சூரிச்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: 'வாவ், இது எந்தக் குளம்?'

அன்றும் வந்து வாங்குப் பலகையில் குந்தியிருந்த வினாயகமூர்த்திக்குச் சுலோஜனா அதை வாசித்துக் காட்டினாள். அவர் அவளுடைய விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டிப் பதில் போட்டார்: 'குளம் இல்ல பிள்ள. எண்ட வெள்ளாம.'

அதற்கு இருநூற்றுப் பதினாறு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள்.

"ஏன் பிள்ள சிரிக்கிறாங்க?" என்று கேட்டார் அவர்.

ஹோரேஸ் எழுந்துபோய் அவருக்குப் பால் விடாத பிளேன்ரீ ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அலுவலகத்தால் அன்று அவருக்குக் கிடைத்த நிவாரணம் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஹோரேஸ் ஒரு குற்றம் செய்தார். வீட்டிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தார். பழைய ஒரு பக்கக் கடிதத்தைக் கையாலேயே எழுதி, பொலித்தீன் பையில் சுற்றி, மோட்டார் சைக்கிளை உதைத்தார். பத்தரைக்குள் நாலு அலுவலகங்களும் கையெழுத்து வைத்தன. "இதத்தானே ஐசே நாலு நாளாப் பார்த்துக்கொண்டு இருந்தம்," என்றார் ஒருவர். இன்னொருவர் தாளை முகர்ந்துகூடப் பார்த்தார்.

ஐந்தாவது கையெழுத்து, சொந்தப் பணிப்பாளருடையது.

"அண்ணன், இது தாள்," என்றார் வினோஜன், மெல்லிய குரலில், ஹோரேஸைக் காட்டிக்கொடுக்க விரும்பாதவர் மாதிரி.

"ஓம் சேர்."

"ஒன்பது அலுவலகத்தில தாள் பூச்சியம் நாம மட்டும்தான். கொழும்பே பார்த்துக்கொண்டு இருக்கு. நான் இதில கையெழுத்து வெச்சா அந்தப் பூச்சியம் ஒண்டாகும்."

"வெச்சா இண்டைக்கே மணல் வெட்டப் பெக்கோ மிசின் போகும் சேர். நாளையோட அந்த மனுசன்ட அஞ்சு நாள் முடியுது."

"விளங்குது அண்ணன், மெய்யா விளங்குது. திங்கக்கிழமை நானே கூட்டாளியில அமத்திறன். மற்றவங்களையும் அமத்த வெக்கிறன். இண்டையிலிருந்து ஞாயிறு வரைக்கும் கூட்டாளிக்குப் பராமரிப்பு, திறக்காது."

ஹோரேஸுக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாதம். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேசைக்கு வந்து, வாங்கில் இருந்தபடி கண்ணாடி வழியே எல்லாம் பார்த்த வினாயகமூர்த்தியின் முகத்தைப் பாராமல், "திங்கக்கிழமை அண்ணன்," என்றார்.

வினாயகமூர்த்தி விரல்விட்டு எண்ணினார். எழுந்து தோணிக்குப் போனார்.

சொன்னால் சொன்னதுதான், திங்கட்கிழமை பணிப்பாளர் அமத்தினார். செவ்வாய்க்கிழமை முகத்துவாரம் வெட்டுப்பட்டது. தண்ணீர் கடலுக்குப் போனது. கூட்டாளித் திரையில் பலூன்கள் பறந்தன: 'வாழ்த்துகள்! பணி நிறைவுற்றது!' வட்டையில் வெள்ளாமை தவிட்டு நிறத்தில் படுத்துக் கிடந்தது. முகத்தில் ஈரச் சாக்கைப் போட்டு மூடியது மாதிரி ஒரு நாற்றம். அந்த நாற்றத்தைப் பகிர்வதற்குக் கூட்டாளியில் இன்னும் வசதி வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து விருது வந்தது. 'தேசத்தின் மிகச் சிறந்த பகிர்வு.' படம் எடுத்த இடத்திலேயே, படம் எடுத்தவருக்கே சான்றிதழ் வழங்குவது என்று முடிவாயிற்று. தாளில்லா அலுவலகத்தின் வெற்றியைக் கொண்டாட, தங்கக் கரைபோட்ட முந்நூறு அழைப்பிதழ்கள் அச்சிடப்பட்டன.

வினாயகமூர்த்தி வெள்ளைச் சட்டை போட்டு, வரம்பில் போட்ட பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்தார். கொழும்பு விருந்தினர் வர அரை மணித்தியாலம் இருந்தது. படப்பிடிப்பாளர் கமராவை இறக்கிவிட்டார்.

"சேர், விருது எடுத்த படத்தில தண்ணி கிடக்கு. இஞ்ச வைக்கோல்தானே கிடக்கு."

பணிப்பாளர் வயலைப் பார்த்தார். அது அவரை முதல் தடவையாக உண்மையிலேயே கலக்கிவிட்டது. "ஹோரேஸ் அண்ணன், சந்தியில ரெண்டு தண்ணி பவுசர் லொறி நிண்டதே? முன்பக்க வரவைய, அந்த ஒரு பாத்திய மட்டும் நிரப்பினாப் போதும்."

ஹோரேஸ் பவுசர்காரனுக்குப் போன் எடுத்தார். "எழுத்தில தந்தாத்தான் வருவானாம் சேர்."

கூட்டாளிக்கு வட்டையில் சிக்னல் இல்லை. வினோஜன் ஒரு கணமும் தயங்கவில்லை. அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பினார். ஹோரேஸைக் குனியச் சொல்லி, அவருடைய முதுகில் வைத்து நாலு வரி எழுதினார், கையெழுத்திட்டார், பொக்கற்றிலிருந்து றப்பர் முத்திரையை எடுத்து ஊதிக் குத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிர்வாகம் என்றால் இதல்லவா நிர்வாகம்.

ஹோரேஸ் நிமிரும்போது பக்கத்தில் வினாயகமூர்த்தி நின்றார். செத்துக் கிடந்த தன் வெள்ளாமைக்குத் தண்ணீர் கேட்டு எழுதிய அந்த அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தார். பிறகு, மரியாதை குறையாமல், பணிப்பாளரிடம் கேட்டார்:

"இந்தப் பேனை அந்த வெள்ளிக்கிழம எங்க கிடந்தது, சேர்?"