அசையாதே அண்ணன் எடுத்த ஆவிகள்

ஆவியைப் பார்த்து "சாப்டீங்களா?" என்று கேட்ட மனிதர், நானறிந்து பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். ஈப்போவில் எங்களுக்கு அவர் 'அசையாதே அண்ணன்'.

மரப்பெட்டி கேமரா, முக்காலி, கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "அசையாதே!" என்பார். தலையில்லாத உடம்பிலிருந்து வரும் அந்தக் குரலுக்கு, திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்த காவடியே ஒருமுறை நின்றுவிட்டது. எடுப்பதெல்லாம் பழைய தோட்ட லயங்கள், தொழிலாளர்கள் விட்டுப்போன வரிசை வீடுகள். காப்பிக்கடைச் சுவர்களில் மாட்டி விற்பார். வந்த பணத்தில் அரிசியும் மத்தி டின்னும் வாங்கி, அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொண்டுபோவார். தனக்கு மட்டும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் முட்டைகூடப் போடாத ரொட்டி கோசோங். நான் கல்யாண வீடியோ எடுப்பவன். கலைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் என்னிடம் ஒரு வேன் இருந்தது.

லகாட் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே கைவிடப்பட்ட ஒரு லயம். மழை விட்ட சாயங்காலம். கூரை சரிந்த வீடுகள் வரிசையாக, கதவுகள் பாதி திறந்து கிடந்தன. பறவைச் சத்தம்கூட இல்லை. அண்ணனின் படத்துக்கு லென்ஸைத் திறந்துவைத்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும். என் பின்கழுத்தில் யாரோ முத்தமிடுவதுபோல் இருந்தது. நான் போட்ட அலறலில் செம்பனையே ஆடியது. ரத்தம் குடிக்கும் அட்டை.

படத்தைக் கழுவிக் காட்டினார். கடைசி வீட்டு ஜன்னலில் ஒரு பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு புகை.

"அலாமாக்! எரிச்சிடுங்க அண்ணே!"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "கை தெளிவா இருக்கு, தலதான் ஆடிப் புகையாயிருக்கு. ஜன்னல் கட்டய எப்படிப் புடிச்சிருக்கு பாரு மச்சான். பேய்க்கு எதுக்குலா புடிமானம்? இது பசி மயக்கம்."

அப்போது அரிசி வாங்கக் கையில் பணமில்லை. கோலாலம்பூர் ஓட்டல் முதலாளி ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, கேட்ட விலை தருகிறேன் என்றார். "அந்தம்மாவக் கேக்காம விக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

மறுபடி போனோம், மிச்சமிருந்த அரிசியோடு. உள்ளே ஏதோ தரையில் இழுபட்டது. நான் வேன் கதவைத் திறந்து பாதி ஏறிவிட்டேன். கதவிடுக்கில் ஒரு கண்.

"யாரு அது?"

"சாப்டீங்களாக்கா? அரிசி கொண்டாந்திருக்கோம்."

"நான் கேட்டனா? பிச்ச போட வந்துட்டானுங்க. எடுத்துட்டுப் போ!"

வாசலிலேயே வைத்துவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது மூட்டை கட்டுப் பிரியாமல் கிடந்தது. உள்ளிருந்து இருமல். போன தடவை கேட்ட குரலைவிட அது சிறுத்திருந்தது. எனக்கு அன்று வந்த பயம் வேறு.

அண்ணன் படத்தைக் கதவுக்கடியில் தள்ளினார்.

"அக்கா, உங்களக் கேக்காம படம் எடுத்துட்டேன். நின்னதுக்குக் கூலி இந்த அரிசி. வாங்காட்டி என் தொழிலுக்கு ஆகாது."

நான் சாமி கும்பிட ஆரம்பித்த பிறகு கதவு திறந்தது. ரப்பர்ப் பால்மரம் வெட்டி ஓய்ந்த முனியம்மா அக்கா, எலும்பின்மேல் சேலை சுற்றியதுபோல்.

"கூலின்னா சரி. இது யாரு, பேய் மாதிரி?"

"நீங்கதான்க்கா."

"அடப்பாவி! இத எவன் வாங்குவான்?"

"ஆள் இருக்கு. வித்தா நெறைய வீட்டுக்கு அரிசி போகும். நீங்க வேணாம்னா கிழிச்சிடுறேன்."

அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பக்கத்து வீட்டு ஜன்னல்லயும் நிக்கவா?"

வாசல், கிணற்றடி, இடிந்த ரப்பர்ப் பால் ஸ்டோர் என்று எங்கும் அக்கா ஆவியாக நின்றார். பணக்காரர்கள் அந்த ஆவிகளைச் சாப்பாட்டு அறையில் மாட்டி, அதன்கீழ் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். காம்பார், தாப்பா வரை என் வேன் அரிசி சுமந்தது.

பிறகுதான் தொழில் கெட்டது. சோறு உள்ளே போகப் போக அக்காவின் தலை ஆடுவது நின்றது. படத்தில் முதலில் தாடை தெரிந்தது. அடுத்ததில் மூக்கு. கடைசிப் படத்தில் பொட்டு வைத்த முழு முகம், சிரித்துக்கொண்டு. ஓட்டல் முதலாளி போன் செய்தார்: "ஆவி எங்கே?" வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"போச்சு அண்ணே, எல்லாம் போச்சு" என்றேன்.

அவர் ஈரப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "கன்னம் வந்திருக்கு பாரு மச்சான், கன்னம்!"

அரிசி நிற்கக்கூடாதே என்று அந்தப் பெரிய கலைஞர் என்னோடு கல்யாண வீடியோ எடுக்க வந்தார். தாலி கட்டும் நேரத்தில் ஆளைக் காணோம். பந்தியில் முதல் வாய்ச் சோறு போடும் முகங்களையே எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்னைத் திட்டாத திட்டில்லை.

அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்ப்பேன்.