கதிர்விஷம் கக்கிய தாம்பாளம்

டெல்லியில் டெலிவிஷன் கலருக்கு மாறிய வருஷம், கரோல் பாக்கில் ஒரு சாமியாரும் கலருக்கு மாறினார். அதுவரை கைரேகை பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று 'ரத்தசுத்தி சுவாமிகள்' ஆகி, மஞ்சள் தண்ணீரைச் சிவப்பாக்கிக் காட்டினார். அவ்வளவுதான்! சரோஜினி நகரிலிருந்தும் லோதி ரோட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்து மாடிப்படி முழுக்க நம் தமிழ் ஜனம். எல்லாரும் ஃபைலில் ஒரு கையெழுத்துப் போட நாலு தரம் யோசிக்கிற சர்க்கார் ஆட்கள். யோசனையை மட்டும் ஆபீசிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். சுவாமிகள் காசைக் கையால் தொடமாட்டார். பக்கத்திலிருந்த உண்டியல் தொட்டுக்கொள்ளும்.

இந்திராணி வந்தது புருஷன் ரத்தினவேலுக்காக. அவருக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி. கதிர் வைத்தியத்தில் கட்டி பாதி கரைந்திருந்தபோது, ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது. டாக்டர் பதறவில்லை. கதிர் கட்டியை அடிக்கும்போது, ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜைக்கும் கொஞ்சம் அடி விழும். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் தேறிவிடும். திங்கட்கிழமை ரத்தம் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். வராமல் இருந்துவிட்டால் மட்டும் கட்டி மறுபடி வளரும் என்றார்.

ஓய்வு கிடைத்ததும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாப்பம்மாளுக்கு வேலை வந்துவிட்டது.

"அண்ணன் ரத்தத்தை அந்த மிஷின் குடிச்சிருச்சு, இந்திராணி! கரோல் பாக் சாமி விஷத்தை எறக்குறாராம். ஜல்தி கெளம்புங்க!"

சுவாமிகள் ரத்தினவேலின் உள்ளங்கைகளில் விபூதியைக் குழைத்துப் பூசி, மஞ்சள் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைக்கச் சொன்னார். தண்ணீர் குப்பென்று சிவந்தது. "முருகா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தீங்களா? கதிர்விஷம்! இனி அந்த மிஷின் பக்கம் போனா ஒடம்புல சொட்டு ரத்தம் மிஞ்சாது. ஒரு மண்டலம் எங்கிட்ட வாங்க."

வீடு வந்ததும் ரத்தினவேல் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வரல."

இந்திராணிக்கு, ஒரு தாம்பாளம் தன் புருஷனைக் கொன்றுவிடப் போகிறதே என்று அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. அப்போதுதான் அவர், "உள்ளங்கை ஏன் இப்படி எரியுது?" என்றார். பிடித்து முகர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாடை.

அடுக்களைக்கு ஓடி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டாள். சிவந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். காலனியில் எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிள்ளைப்பேற்றுக்கு ஆரத்தி கரைத்த கை அது! அதே ஆரத்தியைச் சாமியார் கரைத்தால் மட்டும் விஷமாமே!

ரத்தினவேலிடம் காட்டினாள். "இது ஆரத்தி. அது சாமி," என்றார். நல்ல விளக்கம்!

ஞாயிற்றுக்கிழமை அவரையும் பாப்பம்மாளையும் இழுத்துக்கொண்டு கரோல் பாக் போனாள். பாப்பம்மாளை முன்னால் தள்ளி, "சாமி, இவளுக்கும் கதிர் வச்சிருக்கு," என்றாள். பாப்பம்மாள் வாயைத் திறப்பதற்குள் விபூதி பூசியாயிற்று, கையும் தாம்பாளத்துக்குள் போயாயிற்று. செக்கச்செவேல்!

"ஐயையோ! விஷம் எலும்பு வரைக்கும் எறங்கியிருக்கே!" என்றார் சுவாமிகள்.

"அடப் பாவி! நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்லையே!" என்று அலறினாள் பாப்பம்மாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்திராணி விடவில்லை. புருஷன் கையை நன்றாகக் கழுவி, விபூதி பூசாமல் புது மஞ்சள் தண்ணீரில் வைத்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"வெசம் எங்க சாமி? லீவுல போயிருக்கா?"

"விபூதி இல்லாம சக்தி எப்படிம்மா எறங்கும்?"

ரத்தினவேல் ஒரு கணம் தாம்பாளத்தையே பார்த்தார். பிறகு எட்டி, விபூதி படிந்திருந்த சுவாமிகளின் கையைப் பிடித்து அதே தண்ணீருக்குள் அமுக்கினார். சிவந்தது.

"அச்சா! சாமி எந்த ஆஸ்பத்திரியில கதிர் வச்சுக்கிட்டீங்க?"

"விபூதியில சுண்ணாம்புங்க! நாம தெனம் கரைக்கிற ஆரத்திங்க!" என்று இந்திராணி கத்தியபோது, கூட்டத்துப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக் கூசி நின்றார்கள். சுவாமிகள் பின்படி வழியாக ஓடினார். அவசரத்திலும் உண்டியலை மறக்கவில்லை. எத்தனை பற்றற்ற மனிதர்!

திங்கட்கிழமை ரத்தினவேல் முதல் ஆளாகப் போய் நின்றார். வெள்ளை அணு தேறியிருந்தது. மண்டலமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரு வாரம் சும்மா இருந்ததற்கு மஜ்ஜை தன் வேலையைச் செய்திருந்தது. அன்றே கதிர் வைத்தியம் தொடர்ந்தது.

அதே வாரம் பாப்பம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஷாஹ்தராவில் நீலத் தண்ணீர் சாமியார் ஒருவர் வந்திருக்கிறாராம்!

ரத்தம் குறைந்தால் மஜ்ஜை ஊற வைக்கும், ஐயா. புத்தி குறைந்தால் ஊற வைக்க எந்த ஆஸ்பத்திரியிலும் மிஷின் கிடையாது. அதை அவரவர்தான் யோசித்து ஊற வைத்துக்கொள்ள வேண்டும்.